பலகை அடிக்கும் கை

எட்டு முழ வேட்டி ஒன்றுக்குக் கை எத்தனை முறை அசைய வேண்டும் என்று தறி பழகும் முன் நான் யோசித்ததே இல்லை. கணக்கு எளிதுதான். எட்டு முழம் என்றால் நான்கு கெஜம், அதாவது 144 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை, அதாவது குறுக்கிழை, என்று வைத்துக்கொண்டாலே 8,640 ஊடை ஆகிறது. ஒவ்வொரு ஊடைக்கும் வலது கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓடவிட வேண்டும். இடது கை ஊடையை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்க வேண்டும். தறிக் குழிக்குள் கால் மிதி மாற்ற வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டியின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எனக்குக் கற்றுக்கொடுப்பவர் சேலம் அம்மாப்பேட்டையில் தன் அப்பா காலத்துக் குழித்தறியில் இன்னும் உட்கார்ந்திருப்பவர். அறுபத்தைந்தைத் தாண்டியவர். நான் ஐயா என்பேன், அவர் என்னைச் சாமி என்பார். நான் முப்பதுகளில் இருப்பவன். மூட்டை தூக்கச் சொன்னால் அவரைவிட அதிகம் தூக்குவேன். ஆனால் பழகத் தொடங்கிய நாட்களில் பத்து மணிக்கே இடது தோள்பட்டை கனத்துவிடும், உச்சிப்பொழுதில் முன்கை எரியும். ஐயாவோ மதியச் சாப்பாட்டுக்கு எழும்வரை ஒரே சீராக அடித்துக்கொண்டிருப்பார். வலு உள்ளவன் களைக்கிறான், வலு குறைந்தவர் களைப்பதில்லை. இதன் காரணத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான் நான் கற்ற தொழிலில் பாதி.

"பலகைய நீ இழுக்காத சாமி. அது தானா வரும், வழி மட்டும் காட்டு" என்றார் ஒருநாள். பலகை மேலே இருந்து தொங்குகிறது. பின்னால் தள்ளிவிட்டால் தன் கனத்திலேயே முன்னால் வரும். அந்த வருகையில் கடைசி நான்கு விரற்கடைக்கு மட்டும் கையைச் சேர்த்தால் போதும், ஊடை சரியாக உட்கார்ந்துவிடும். ஐயாவின் கையை அருகில் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியும். முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாது. தோள் உயராது. பிடியில் கட்டை விரல் வெறுமனே கிடக்கும், இறுக்காது. கயிற்றைச் சுண்டுவதும் மணிக்கட்டில் முடிந்துவிடும். நானோ தோளைத் தூக்கி, பிடியை நெரித்து, வந்துகொண்டிருக்கும் பலகையை மேலும் இழுத்துக்கொண்டிருந்தேன். தூக்கிய தோளில் தசை விடாமல் இறுகியே இருக்கும், அதற்குள் ரத்தம் ஓட இடமில்லை. எரிச்சலுக்கு அதுதான் காரணம்.

ஒற்றைக் கையால் நாடா ஓட்டும் இந்த ஏற்பாடே 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே செய்தது. அதற்கு முன் நெசவாளி இரு கையாலும் நாடாவை எறிந்து பிடித்தார். வேகம் கூடியது, ஒரே அசைவை ஒரே கை ஓயாமல் செய்யும் சுமையும் கூடவே வந்தது.

ஐயாவிடம் இன்னொன்றும் கவனித்தேன். துணி சுருங்காமல் விரித்துப் பிடிக்கும் குச்சியை இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை நகர்த்திக் குத்த வேண்டும். அதைச் சட்டென்று முடித்துவிட்டு அடுத்த ஊடைக்குப் போவதுதான் இளைஞர்கள் வழக்கம். ஐயா குச்சியை எடுப்பார், கரையைத் தடவிப் பார்ப்பார், அறுந்த இழை உண்டா என்று பாவின் மேல் கண்ணை ஓட்டுவார், பிறகுதான் குத்துவார். அரை நிமிடம் போகும். அந்த அரை நிமிடத்தில் இரண்டு கைகளும் மடியில் இருக்கும். ஓய்வு என்று அவர் அதைச் சொல்ல மாட்டார். ஆனால் களைத்த பிறகு நீட்டிப் படுப்பதைவிட, களைப்பு ஏறும் முன் அடிக்கடி கொடுக்கும் இந்தச் சின்ன இடைவெளிதான் தசையைக் காப்பாற்றுகிறது.

இதை வைத்து வயது ஒரு பொருட்டே இல்லை என்று எழுதிவிட்டால் அது பொய். நாற்பதைத் தொடும்போதே தசை மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. அறுபதுக்கு மேல் அந்தத் தேய்வு வேகம் பிடிக்கிறது. இதற்கு அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் 1989-ல் சார்கோபீனியா என்று பெயரிட்டார். தசையில் சட்டென்று பாய்ந்து இழுக்கும் நார்களும் உண்டு, மெதுவாக நெடுநேரம் தாங்கும் நார்களும் உண்டு. முதுமையில் அதிகம் மெலிவது பாயும் நார்கள். தாங்கும் நார்கள் ஓரளவு நிலைக்கின்றன. அதனால் தன் பலத்துக்குத் தக்க நிதானமான வேலையில் முதியவர் இளைஞருக்குச் சமமாக, சில நேரம் அவரைவிட அதிகமாகவே தாக்குப்பிடிப்பார். வேகம் கூட்டச் சொன்னால் அதே கை சீக்கிரம் தளர்ந்துவிடும். மேலும், பலகையின் கனம் நெசவாளியின் வயதுக்காகக் குறைவதில்லை. முழு பலம் குறையக் குறைய அதே அடிக்குக் கையிருப்பில் பெரிய பங்கு செலவாகிறது. ஐயாவின் நுட்பமெல்லாம் அந்தப் பங்கைச் சுருக்கி வைப்பதற்குத்தான்.

முகூர்த்த மாதங்களில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். உருப்படியைச் சீக்கிரம் இறக்கச் சொல்லி அவசரம் வரும்போது குச்சி நகர்த்தும் இடைவெளி முதலில் போகும். அடுத்து தாளம் போகும். நாலு மணிக்கு மேல் அவர் தோளும் உயரத் தொடங்கும், என் தோளைப் போலவே. ஆனால் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தில் சரியாகிவிடும் வலி, அவருக்கு மறுநாள் மதியம் வரை நீடித்தது. துணியில் ஊடை நெருக்கம் ஓரிடத்தில் இளகி ஓரிடத்தில் இறுகியது. சேலத்தின் நேர்த்தியான கைகளில் ஒன்று, வேகம் கேட்டதால் மட்டுமே தன் நேர்த்தியை இழப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அந்த வீட்டில் தேயும் கை அவருடையது மட்டுமல்ல. ஐயாவின் மனைவியை நான் அம்மா என்பேன். திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்து அம்மா ஊடைக்கான தார் சுற்றுகிறார். வலது கை சக்கரத்தைச் சுழற்றும், இடது கை இழையை ஏந்திப் பிடித்தபடி அந்தரத்தில் நிற்கும். அசையாமல் நிற்கும் அந்தக் கைக்குத்தான் வலி அதிகம். "ராத்திரி பொரண்டு படுத்தா தோளு எழுப்பி வுட்டுருது கண்ணு" என்றார். நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-ல் நடந்தது. அதன்படி நாட்டில் நெசவிலும் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல், அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். அம்மா தறியில் உட்காராததால் அவரை யாரும் நெசவாளி என்று அழைப்பதில்லை. அவர் சுற்றித் தராமல் ஒரு விரற்கடை துணிகூட இறங்காது. ராட்டைக்குப் பக்கத்தில் இடது முழங்கையை ஊன்ற ஒரு மணை போட்டுக் கொடுத்தோம். வலி தீரவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது என்கிறார்.

தறியிலும் இப்படிச் செய்யக்கூடியவை பல. பலகையின் தொங்கல் கயிற்றைச் சரிபார்த்தால் அது தானாக முன்னால் வரும் தூரம் கூடும். உட்காரும் பலகையை ஓரிரு அங்குலம் உயர்த்தினால் தோளைத் தூக்கவே வேண்டியிருக்காது. புடவைத் தறியில் பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டியைக் காலால் தூக்கும் பாரத்தை ஒரு சின்ன மோட்டார் வாங்கிக்கொள்ளும். நெசவு அப்போதும் கைநெசவுதான். இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960 முதல் சேலத்திலேயே இருக்கிறது. அறிவுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

உருப்படிக் கணக்கில் கூலி கொடுக்கும் முறைக்கு வயது தெரியாது. மூன்று நாளில் இறங்கிய வேட்டிக்கும் ஐந்து நாளில் இறங்கியதற்கும் ஒரே கூலி. அறுபது முடிந்த கூட்டுறவுச் சங்க நெசவாளருக்கு அரசு ஓய்வூதியம் உண்டு, நல்லது. ஆனால் கை தளரத் தொடங்குவது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே. சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தறியைச் சீரமைக்க அடுத்த முறை உதவி வரும்போது பட்டியலை ஐம்பது கடந்தவர்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். அதே வீட்டில் ராட்டை சுற்றும் பெண்ணின் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.