256 நிறங்களின் பேரரசு

1999இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்னும் வியூக விளையாட்டு இந்தியப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் நெடுங்காலம் நிரந்தரக் குடியாக இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை அதற்குப் பெரிய இடர் எதுவும் நேரவில்லை. விஸ்டாவும் விண்டோஸ் 7உம் வந்தபின் அதே குறுந்தட்டிலிருந்து ஆட்டத்தை நிறுவியவர்கள் விநோதமான ஒரு காட்சியைக் கண்டனர். புல்வெளி செவ்வூதா நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. நீர்ப்பரப்பில் பொருந்தா நிறங்கள் புகுந்தன. ஆனால் ஆட்டம் நின்றுவிடவில்லை. மரம் வெட்டுபவன் மரம் வெட்டினான். குதிரைப்படை கோட்டையைச் சுற்றியது. வெற்றியும் தோல்வியும் முன்போலவே கணிக்கப்பட்டன. ஆட்டம் இயங்குகிறதா என்று கேட்டால் ஆம் என்பதே விடை. சரியாக இயங்குகிறதா என்ற இரண்டாவது கேள்விக்கு விடை அத்தனை எளிதன்று. பழைய மென்பொருளைப் பேணுவதன் சிக்கல்கள் அனைத்தும் அந்த இரண்டாவது கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

நிறம் கெட்டதற்குக் காரணம் உண்டு. அக்கால ஆட்டங்கள் பலவற்றைப் போல இதுவும் ஒரு படப்புள்ளிக்கு ஒரு பைட் மட்டுமே செலவிட்டது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான எண்களுள் ஒன்றைத்தான் எழுத முடியும். அந்த எண் நிறத்தின் பெயர் அன்று. நிற அட்டவணையில் ஓர் இடத்தின் முகவரி. 173 என்ற எண் புல்லின் பச்சையா கூரையின் சிவப்பா என்பதை அந்த நேரத்தில் நடப்பிலுள்ள அட்டவணையே முடிவுசெய்கிறது. அட்டவணை கணினி முழுமைக்கும் பொதுவானது. முகப்புத் திரையை நடத்தும் எக்ஸ்புளோரர் நிரலும் அதில் கைவைத்துத் தன் நிறங்களை எழுதிவிட, ஆட்டத்தின் எண்கள் மாறாமல் இருக்க அவற்றின் பொருள் மட்டும் மாறிப்போனது. குறிக்கும் அது குறிப்பதற்கும் இயற்கையான உறவு ஏதுமில்லை, இருப்பது ஓர் ஒப்பந்தமே என்று சொசூர் சொன்னதைப் படித்த மொழியியல் மாணவர்களுக்கு இதைவிடக் கண்கூடான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

பயனர்கள் கண்டுபிடித்த முதல் மருந்துகள் சடங்குகளைப் போன்றவை. ஆட்டத்தைத் தொடங்கும் முன் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட வேண்டும்; அல்லது திரைத் தெளிவை மாற்றும் சாளரத்தைத் திறந்து பின்னணியில் விட்டுவைக்க வேண்டும். இவை ஏன் பலிக்கின்றன என்பது செய்தவர்களுள் பெரும்பாலோர்க்குத் தெரியாது. ஆனால் பலித்தது, வாய்வழியாகப் பரவியது. நிலையான தீர்வு பின்னர் வந்தது. 'கமாண்ட் அண்டு கான்கர்' என்ற மற்றொரு ஆட்டத்துக்காக ஆர்வலர்கள் எழுதத் தொடங்கிய 'சிஎன்சி-டிடிரா' என்னும் சிறு கோப்பு இன்று எத்தனையோ பழைய ஆட்டங்களுக்கு உதவுகிறது. விண்டோஸின் பழைய வரைகலைக் கோப்பு எந்தப் பெயரைத் தாங்கியதோ அதே பெயருடன் இது ஆட்டத்தின் கோப்புறையில் அமர்ந்துகொள்கிறது. ஆட்டம் தன் பழைய நண்பனிடம் பேசுவதாக நம்பி அதே கட்டளைகளைக் கூறுகிறது. நடுவில் நிற்கும் இந்தத் துபாஷி நிற அட்டவணையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணையும் இன்றைய முழு நிறமாக மாற்றி, ஓப்பன்ஜிஎல் அல்லது டைரக்ட்3டி மொழியில் திரைக்கு அனுப்புகிறது. ஆட்டத்தின் நிரலில் ஓரெழுத்துகூட மாறுவதில்லை.

நிறம் திருந்தியதும் திரையின் அகலம் முன்னிற்கிறது. அந்த ஆட்டம் அறிந்த மூன்று திரை அளவுகளுள் மிகப் பெரியது 1280 பெருக்கல் 1024. இன்றைய அகலத்திரையில் அதை இழுத்துப் பரப்பினால் வீரர்கள் பருத்துத் தோன்றுவர். இழுக்காமல் கூடுதல் நிலப்பரப்பைக் காட்டும்படி ஆர்வலர்கள் ஒட்டுநிரல் எழுதினர். காட்சி அழகாயிற்று. ஆனால் எதிரியின் படை எவ்வளவு தொலைவில் வரும்போது கண்ணில் படும் என்பது வியூக ஆட்டத்தில் ஒரு விதியே ஆகும். திரை அகன்றால் பார்வை அகலும்; பார்வை அகன்றால் ஆட்டமும் சற்றே மாறும். பழுதுபார்ப்பு எங்கே முடிகிறது, திருத்தியெழுதுதல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கோடு கிழித்துக் காட்ட இயலாத இடம் இது.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இன்னும் நுட்பமானவை. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' தொடரின் வலைப்பின்னல் அமைப்பை அதை உருவாக்கிய பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001இல் ஒரு கட்டுரையில் விளக்கியுள்ளனர். நொடிக்கு 28.8 கிலோபிட் மட்டுமே கடத்தும் தொலைபேசி மோடம்களின் காலம் அது. நூற்றுக்கணக்கான வீரர்களின் நிலையை நொடிதோறும் அனுப்புவது இயலாத செயல். எனவே அவர்கள் வேறு வழி கண்டனர். ஆடுபவர் இட்ட கட்டளைகள் மட்டுமே பரிமாறப்பட்டன. ஒவ்வொரு கணினியும் அதே கட்டளைகளைக் கொண்டு அதே போரைத் தானே தனியாகக் கணக்கிட்டது. எல்லாக் கணினிகளும் கடைசி இலக்கம் வரை ஒரே விடையை அடைந்தால்தான் அவை ஒரே ஆட்டத்தில் இருப்பதாகப் பொருள். தொடக்கத்தில் ஒரு மான் இம்மியளவு இடம்மாறி நின்றாலும் போதும். சில நிமிடங்களில் ஓர் ஊழியனின் பாதை விலகும், ஓர் ஈட்டி குறி தவறும், இரு கணினிகளும் இருவேறு வரலாறுகளில் நடக்கத் தொடங்கிவிடும்.

இந்தக் கண்டிப்பு இன்றும் ஓயவில்லை. அதே ஆட்டத்தின் 2019 மறுபதிப்பை லினக்ஸில் வைன் வழியாக இயக்கியவர்களுக்குப் படமும் ஒலியும் குறையின்றிக் கிடைத்தன. தனியாக ஆடுவதிலும் தடையில்லை. பிறருடன் ஆடும்போது மட்டும் கணினிகளின் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஆட்டம் அறுந்தது. சாதாரணக் கணிதச் செயல்களைத் தரும் ஒரு நூலகக் கோப்பை வைன் தன் முறையில் எழுதியிருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் கோப்பு தரும் விடைக்கும் அது தரும் விடைக்கும் மிகச் சிறிய வேறுபாடு இருந்தது. பயனர்கள் மைக்ரோசாஃப்ட்டின் கோப்பையே எடுத்து வைத்தபோது சிக்கல் தீர்ந்தது. இங்கே சரி என்ற சொல்லுக்குக் கணிதத்தில் சரி என்பது பொருளாகாது. மற்றவர்கள் அடையும் விடையையே தானும் அடைவது என்பதே பொருள்.

அப்படியானால் பழைய பிழையும் காக்கப்பட வேண்டியதா? 'ஸ்டார்கிராஃப்ட்' (1998) இதற்கு விடை சொல்கிறது. அதில் ரசிகர்கள் தங்களுக்கென வரைபடங்களை அமைத்துக்கொள்ள முடியும். ஒரு படைப்பிரிவில் எத்தனை பேர் மடிந்தனர் என்று எண்ணும் கட்டளைக்கு வரம்பு மீறிய எண்ணைக் கொடுத்தால், அது அட்டவணைக்கு வெளியே கணினியின் நினைவகத்தையே தொட்டது. நிரலாளர் மொழியில் இது அபாயகரமான ஓட்டை. வரைபடம் அமைத்தவர்களோ இதைக் கொண்டு ஆட்டத்தில் இல்லாத விதிகளையெல்லாம் உருவாக்கினர். நிறுவனம் பாதுகாப்புக் கருதி ஓட்டையை அடைத்தது. அந்த வரைபடங்கள் செயலிழந்தன. 2017இல் மறுபதிப்பு வந்தபோது நினைவகத்தின் அமைப்பே மாறியிருந்தது. அப்போது அதே நிறுவனத்தின் பொறியாளர்கள், பழைய நினைவகம் இருப்பதுபோல் நடித்து, பழைய ஓட்டையைப் பாதுகாப்பான முறையில் போலிசெய்யும் அமைப்பொன்றை எழுதினர். வழுவாகத் தொடங்கிய வடிவம் வழக்கில் நிலைபெற்று இலக்கணத்துள் இடம்பெறுவதை மொழி வரலாறு மீண்டும் மீண்டும் காட்டும். மென்பொருளும் அதற்கு விலக்கில்லை.

தொழில்நுட்பத் தடைகளைக் கடந்தாலும் வாசலில் ஒரு பூட்டு உண்டு. நகலெடுப்பதைத் தடுக்க அக்காலக் குறுந்தட்டுகள் பலவற்றில் 'சேஃப்டிஸ்க்' என்ற காப்புமுறை அமைந்திருந்தது. அதன் இயக்கி விண்டோஸின் கருவறைக்குள் முழு அதிகாரத்துடன் இயங்கியது. அதனாலேயே தாக்குதலுக்கு வழியும் ஆனது. 2015இல் விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு முந்தைய விண்டோஸ் பதிப்புகளிலும் அதை முடக்கியது. பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவு. விளைவு மட்டும் விபரீதமானது. விலை கொடுத்து வாங்கியவரின் தட்டு ஓடவில்லை. பூட்டை உடைத்த திருட்டு நகல் தடையின்றி ஓடியது. காப்புமுறை காத்தது உரிமையாளரின் விற்பனையை. அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும். வாங்கியவரின் உரிமையைக் காப்பது அதன் கணக்கிலேயே இல்லை.

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் பலர் நினைப்பதைவிட நிதானமானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டப்படி மென்பொருளை வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகக் காப்பாக நகல் எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பூட்டை உடைப்பதை உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் நிலை வேறு. ஆய்வாளர்கள் நூலகச் சேகரிப்பிலுள்ள பழைய ஆட்டங்களைத் தொலைவிலிருந்து அணுக விலக்குக் கேட்டனர். 2024 அக்டோபரில் அது மறுக்கப்பட்டது. அங்கே 2010க்கு முன் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாங்கவும் கிடைக்காது, நூலகத்திலிருந்து பெறவும் முடியாது என்பதே அங்கு ஆய்வாளரின் நிலை.

மறுபதிப்பு வந்துவிட்டதே, பழையது எதற்கு என்று கேட்கலாம். 1999இன் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டத்தில் 13 நாகரிகங்கள் இருந்தன. மறு ஆண்டு விரிவாக்கம் மேலும் 5 சேர்த்தது. அந்தப் 18இல் இந்தியா இல்லை. யானைப்படை இருந்தது, அது பாரசீகர்க்கு உரியதாக இருந்தது. 2013இல் 'இந்தியர்' என்ற ஒற்றை நாகரிகம் சேர்ந்தது. 2022இல் அது பிரிக்கப்பட்டு இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என நான்கானது. இராசேந்திர சோழனின் படையெடுப்பும் ஆடத்தக்க கதையாயிற்று. இடைக்கால உலகம் என்றால் எதுவெல்லாம் அதில் அடங்கும் என்ற வெகுசனக் கற்பனை கால் நூற்றாண்டில் எப்படி மாறியது என்று ஆராயும் மாணவர்க்கு 2022இன் சேர்க்கையைப் போலவே 1999இன் இல்லாமையும் சான்றாகும். இன்று கடையில் கிடைக்கும் பதிப்பு இல்லாமையைக் காட்டாது. அதற்கு அந்தப் பழைய தட்டும், அதைச் சரியாக இயக்கும் வழியும் வேண்டும்.

மறுபதிப்பே இயலாமற்போவதும் உண்டு. 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்டு மேஜிக் 3' 2015இல் மீண்டும் வந்தபோது அதன் இரு விரிவாக்கங்களும் இடம்பெறவில்லை; அவற்றின் மூல நிரல் உரியவர்களிடம் முழுமையாக எஞ்சியிருக்கவில்லை. மாறாக, 'கமாண்ட் அண்டு கான்கர்' முதல் இரு ஆட்டங்களின் நிரலின் பெரும்பகுதியை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2020இல் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2025இல் முழு மூல நிரலையும் வெளியிட்டது. நிரல் திறக்கும்வரை காத்திராமல் ஆர்வலர்களே அந்த ஆட்டங்களை 'ஓப்பன்ஆர்ஏ' என்று புதிதாக எழுதியிருந்தனர். அது நன்றாக ஓடுகிறது. ஆனால் வேண்டுமென்றே பல விதிகளை மாற்றியிருக்கிறது. அதை ஆடியவர் பழைய ஆட்டத்தின் வழித்தோன்றலை ஆடியவராவார்.

இவ்வளவு பணியையும் இதுவரை பெரிதும் செய்தவர்கள் ஊதியமின்றி இரவுகளைச் செலவிட்ட ரசிகர்களே. நிறுவனங்களின் ஆர்வம் விற்பனையோடு முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகங்களோ பெரும்பாலும் இதைத் தங்கள் பணியாகக் கருதவில்லை. பிரான்சின் தேசிய நூலகம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வீடியோ விளையாட்டுகளையும் ஒப்படைப்பாகப் பெறுகிறது. கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு நூல் அளிக்கச் செய்யும் இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சட்டம் நூல்களோடும், பின்னர் சேர்க்கப்பட்ட செய்தித்தாள்களோடும் நின்றுவிட்டது.

சட்டம் மாறும்வரை ஆய்வேடு எழுதுவோர் செய்யத்தக்க சிறிய செயல் ஒன்று உண்டு. ஓர் ஆட்டத்தை மேற்கோளிடும்போது பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதி நிறுத்தாமல், எந்தப் பதிப்பு, எந்த ஒட்டுநிரல், எந்த இயங்குதளம், இடையில் நின்ற துபாஷி எது, திரை அளவு என்ன என்பவற்றையும் குறிக்கலாம். சுவடியிலிருந்து பதிப்பிப்பவர் எந்தப் பிரதியை, எந்த நிலையில் கண்டார் என்று முகவுரையில் எழுதுவது இத்துறைகளில் புதிய பழக்கம் அன்று. அந்த ஒழுங்கு இங்கும் வந்தால், புல்வெளி செவ்வூதாவாகத் தெரிந்ததை வடிவமைப்பாளரின் கலைத்தேர்வு என்று நாளை ஒருவர் விளக்கவுரை எழுதும் விபத்தாவது நேராது.