சீசாவுக்குள் ஒரு கிலோ மல்லி

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிக்கு இரண்டு விலை உண்டு. தலைக்கு வைக்கும் மொட்டுக்கு ஒன்று, சென்ட் கம்பெனிக்குப் போகும் பூவுக்கு இன்னொன்று. விடியலில் பறித்த இறுகிய மொட்டு முதலில் பூக்கட்டுவோருக்கும் வெளியூர் வண்டிகளுக்கும் போய்விடுகிறது. முகூர்த்த நாளிலும், பனியில் செடி அரும்பத் தயங்கும் மார்கழி, தையிலும் கிலோ ஆயிரங்களைத் தொடும். அப்போது கம்பெனிக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். கோடையில் வரத்து குவிந்து விலை சரிந்தால்தான் சாக்குச் சாக்காக ஏற்றுவார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் எல்லைக்குள் நிலக்கோட்டை இருக்கும் திண்டுக்கல் மாவட்டமும் அடங்கும் (பேர் என்னவோ மதுரைக்குத்தான்). அப்படிப்பட்ட பூவில் கூந்தலுக்குப் போக மிஞ்சியதை வைத்தே இங்கே வாசனைத் தொழில் ஓடுகிறது. கிட்டத்தில் வந்தவருக்கு மட்டும் தெரிகிற மென்மையான மல்லி சென்ட்டை ஒரு சிறு தயாரிப்பாளர் இங்கேயே செய்ய முடியும். ஆனால் மிச்சப் பூவால் முடியாது என்பது என் கட்சி.

காரணம் பூவின் இயல்பிலேயே இருக்கிறது. மொட்டில் மணம் இல்லை என்றே சொல்லலாம். பொழுது சாய்ந்து இதழ் விரியும்போதுதான் அது பிறக்கிறது. பறித்த பிறகும் பல மணி நேரம் பூ மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஆலையில் பகலில் வாங்கிய மொட்டைத் தரையில் பரப்பிக் காத்திருந்து, விரிந்த பிறகே ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். ஹெக்சேனை ஆவியாக்கியதும் மெழுகுபோல் மிஞ்சுவது காங்கிரீட். அதை எரிசாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடித்துச் சாராயத்தையும் நீக்கினால் அப்சல்யூட். சாக்கில் அமுங்கிக் கிடந்த பூவோ உள்ளே சூடேறி, புழுங்கி, பழுப்பேறி வருகிறது. அந்தப் புழுக்கம் எண்ணெயிலும் இறங்கும். பிறகு எந்தக் கலவைக்காரர் வந்தாலும் முழுக்கத் துடைக்க முடியாது. சென்ட்டின் மென்மை பாதிக்கு மேல் பறிக்கும் பெண்களின் கையிலும், பூவை நசுக்காமல் பரப்பிக் கிளறுகிறவர்களின் கையிலும் இருக்கிறது. சீனாவின் ஃபுஜோவில் தேயிலைக்கு மணமேற்றுவோரும் இதே இன மல்லியை மொட்டாகப் பறித்து, மாலையில் விரியவிட்டுத்தான் தேயிலையோடு சேர்க்கிறார்கள்.

நல்ல பூவுக்கு நல்ல விலை கொடுத்தால் கட்டுபடியாகாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ காங்கிரீட்டுக்கு ஏறக்குறைய ஒரு டன் பூ. அதில் பாதியளவே அப்சல்யூட். அப்படியானால் ஒரு கிராமுக்கு இரண்டு கிலோ பூ. பத்து மில்லி சீசாவில் அரை கிராம் சேர்த்தால் அதற்குள் அடங்குவது ஒரு கிலோ மல்லி. கிலோ 300 ரூபாய்ப் பூவை 500க்கு வாங்கினாலும் சீசாவுக்குக் கூடுவது 200 ரூபாய்தான். டன் கணக்கில் ஏற்றுமதி ஆலைக்கு வாங்குகிறவருக்கு அது பெரிய பாரம். நூறு சீசா செய்கிறவருக்கு அல்ல. செயற்கை மணப்பொருள் மலிவாயிற்றே என்பது அடுத்த கேள்வி. அதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. 1966இல் வந்த ‘ஓ சோவாஜ்’ சென்ட் பெற்ற புகழில் ஹெடியோன் என்ற செயற்கைப் பொருளுக்கும் பங்குண்டு. ஆனாலும் நம் குண்டுமல்லியின் பச்சை வாசம் அதில் இல்லை.

தலையிலேயே பூ இருக்கும் ஊரில் சீசா யார் வாங்குவார் என்றும் கேட்கலாம். பூச்சூடாத ஆண்கள் வாங்கலாம், பூ கிடைக்காத தூரத்தில் பிழைப்பவர்கள் வாங்கலாம். கணவர் இறந்ததும் பூவை மறுக்கிற நம் வீடுகளில் இருக்கும் பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். தோலில் தடவிய மணத்தைப் பறிக்க எந்த ஊர்வாயாலும் ஆகாது.

மிச்சமிருப்பது, பூவிலிருந்து மணத்தை எங்கே எடுப்பது என்ற கேள்வி. ஹெக்சேன் சட்டென்று தீப்பற்றும் சரக்கு. வீட்டுக் கொல்லையில் வைத்து வேலை பார்க்கக் கூடாது. நிலக்கோட்டையில் அரசு சென்ட் தொழிற்சாலை வேண்டும் என்று விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். அது வரும் நாளில், ஐம்பது, நூறு கிலோ பூவோடு வருகிறவருக்குக் கூலிக்கு எடுத்துத் தரும் சிறிய கலன் ஒன்றையும் அங்கே வைக்கவேண்டும். அந்தக் கோரிக்கையையும் இப்போதே சேர்த்துக் கேளுங்கள்.