பாட்டனாரின் கைரேகை

என் பாட்டனார் பனையேறி. நாற்பதாண்டு பனையோடு பழகிய அவர்தம் விரல்கள் காய்ப்பேறி, ரேகை மழுங்கியிருந்தன. 2013-ஆம் ஆண்டு, யான் ஏழு வயதுச் சிறுவனாயிருந்தபோது, எங்கள் ஊர்ச் சபைப் பள்ளிக்கூடத்தில் ஆதார் பதிவு நடைபெற்றது. அவர் கைபற்றி யானும் சென்றேன். பத்து விரல்களின் ரேகையும், இரு கண்களின் கருவிழியும், முகத்தின் படமும் எடுத்தனர். பன்முறை வைத்தும் பாட்டனாரின் விரலைப் பொறி எளிதில் ஏற்கவில்லை.

“தம்பி, நீர் சர்க்கார் உத்தியோகஸ்தரா?” என்றார் அவர்.

“இல்லை தாத்தா, கம்பெனி ஆள். ஒப்பந்தத்திற்கு வந்திருக்கிறேன்” என்றான் அவ்விளைஞன்.

“அப்படியானால் என் விரல் யாரிடம் இருக்கும்?”

அவன் நகைத்தான், விடை கூறவில்லை.

வீடு திரும்பும் வழியில் பாட்டனார், “தாவீது ராஜா ஜனங்களை எண்ணச் சொன்னபோது, எண்ணப் போனவன் அவனுடைய சேனாபதி யோவாப். அவனே இது வேண்டாமென்று ராஜாவிடம் சொல்லிப் பார்த்தான். இந்தப் பிள்ளை யாரிடம் சொல்லும்?” என்றார். அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

2020-ஆம் ஆண்டில் விளங்கிற்று. நியாயவிலைக் கடையிலும் கைரேகை வைக்கும் முறை வந்தது. பாட்டனார் மும்முறை வெறும் பையோடு திரும்பினார். விற்பனையாளர், பொறியைப் பற்றிக் கம்பெனியைக் கேட்கவேண்டும் என்றார். அலுவலகத்தார், பழைய பதிவில் குறை என்றனர். பதிந்தவர்களோ ஒப்பந்தம் முடிந்து சென்று நெடுநாளாயிற்று. விரலைக் கொடுத்தவர் ஒருவர். அதற்குப் பொறுப்பேற்பார் ஒருவருமிலர்.

நிற்க. நூறு கோடிக்கு மேற்பட்ட மாந்தரைப் பதிதல் அரசு ஊழியரால் மட்டும் ஆகக்கூடிய செயலன்று. ஆதலின், 2010-இல் முதல் எண் வழங்கப்பட்ட நாள்தொட்டு, ஊர்தோறும் சென்று பதியும் வேலையிலும், ஒருவரே இருமுறை பதியாதபடி ஒப்பிட்டு நோக்கும் வேலையிலும், தனியார் நிறுவனங்கள், பிறநாட்டினவும் உட்பட, அமர்த்தப்பட்டன. இதனை யான் குறைகூறேன். கூலிக்கு வேலை வாங்கலாம். பொறுப்பைக் கூலிக்கு விடலாகாது என்பதே என் கருத்து.

ஞானஸ்நானம் சபை ஏட்டிலும், நிலம் பட்டாவிலும், நோய் மருத்துவமனைப் புத்தகத்திலும் தனித்தனியே கிடந்த காலத்தில், ஒருவனை முழுதும் அறிந்த அந்நியர் எவருமிலர். ஒரே எண்ணென்னும் நூலில் அவ்வேடுகளெல்லாம் கோக்கப்படுமாயின், நூலைப் பிடித்தவன் அவனை அவன் தாயினும் அறிவான். அந்நூல் கூலியாளின் கையில் இருப்பின் அச்சம் இருமடங்காகாதோ?

இவ்வச்சம் வீணன்று என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் உணர்ந்தது. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையென ஒருமனமாய்த் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26-ஆம் நாள், தனியார் கம்பெனிகள் ஒப்பந்தத்தின்பேரில் ஆதாரைப் பயன்படுத்த இடந்தந்த சட்டப்பகுதி தள்ளப்பட்டது. எனினும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், மக்கள் இசைந்தால் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் அதனைக் கொள்ளலாமென்றது. 2023-இல் இயற்றப்பட்ட தனிமனிதத் தரவுக் காப்புச் சட்டமோ, மத்திய அரசு தன் துறைகளுக்கு விலக்களித்துக்கொள்ள இடந்தந்தது. வேலியிட்டவரே தமக்கொரு வழியும் விட்டுக்கொண்டனர்!

வினையை ஒருவனிடம் ஒப்புவிக்குமுன் அவனை ஆராய்ந்து தெளியவேண்டுமென்பதற்கே வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அரசர் மறைந்தனர், அவ்வறம் மறையவில்லை.

பாட்டனார் இன்றில்லை, அவர் வினா இருக்கிறது. அன்பரீர், நம்முட் சிலர் நாளை அரசு அலுவலகங்களில் அமர்வோம். சிலர் அக்கம்பெனிகளில் பணிபுரிவோம். அன்று ஒரு முதியவர் காய்ப்பேறிய விரலை நீட்டி, “இது யாரிடம் இருக்கும்?” என வினவுவாராயின், நகையாது விடை கூறுவோமாக.