திங்கட்கிழமை வராத பிள்ளை

திருப்பூரில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருக்கும் நாங்கள் திங்கட்கிழமையைக் கவனமாகப் பார்ப்போம். சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் சம்பளம் போடுவார்கள். அம்மாவுக்குத் துணையாகத் துணி மடித்துக் கொடுக்கப் போன பிள்ளை, பக்கத்து வீட்டு அக்காவோடு தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டப் போன பிள்ளை, அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன் உழைப்பின் காசைக் கையில் வாங்கியிருப்பாள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்துவிட்டால் அந்த வாரத்துக்குக் கவலையில்லை. வராவிட்டால் அன்று மாலைக்குள் வீட்டோடு பேசியாக வேண்டும். திங்கட்கிழமை பேசினால், "உடம்பு சரியில்லீங்க டீச்சர்" என்பார்கள். புதன், வியாழன் என்று தள்ளிப்போட்டால், "அவ இனி வரமாட்டாளுங்க" என்று பதில் வரும்.

மாநகராட்சிப் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தி வருகிறேன். எங்கள் ஊரில் ஜெய்வாபாய் பள்ளி எல்லோருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கில் மாணவிகள் படிக்கும் அது, தமிழ்நாட்டின் மிகப் பெரிய பெண்கள் பள்ளிகளில் ஒன்று. பழனியம்மாள் பள்ளியும் பழைய பெயர். பனியன் தொழிலாளி வீட்டுப் பெண் டிகிரி வரை போனாள் என்றால், பெரும்பாலும் இப்படி ஒரு பள்ளியின் வழியாகத்தான் போயிருப்பாள்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் நின்றுபோவதற்குக் காரணம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும்தான். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பிடி விட்டுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பதினான்கு வயதுக்குக் கீழே, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. அதற்கு மேல் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களை மட்டும் தடுக்கிறது. ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்குப் பதினான்கு நிறைந்திருக்கும். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை வேலைக்கு எடுத்த வெளியூர் நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதுதான். என் வகுப்புப் பிள்ளைகளை இழுத்தது அவ்வளவு தூரத்திலிருந்து வரவில்லை. அடுத்த தெருவில் ஷெட்டு போட்டு ஓடும் ஜாப் ஒர்க் யூனிட், அங்கே பவர் டேபிள் தையல் மெஷினில் உட்காரும் சித்தி, தீபாவளிக்கு முன்பு வரும் அவசர ஆர்டர், இவ்வளவு போதும்.

நோட்டுத் திருத்தும்போது கையைப் பார்ப்பேன். பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியில் விரல் நுழைக்க வளையம் இருக்காது. உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அப்படி வெட்டினால் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுத் தோல் சிவந்துபோகும். நாலைந்து வாரம் தொடர்ந்தால் காய்ப்பு விழும். சீருடைப் பாவாடையின் மடிப்பில் சிவப்பும் நீலமுமாக நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும், தலையில் பஞ்சுத் தூசி தெரியும். இதையெல்லாம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. "லீவுல எங்க கண்ணு போயிருந்த?" என்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தணிந்த குரலில் கேட்டால் சொல்லிவிடுவாள்.

பள்ளியின் வழக்கங்கள் எனக்குப் பயன்படுவது இங்கேதான். காலையில் ரெட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்டி வர வேண்டும். எட்டரை ஷிப்டுக்கு ஓடும் அம்மாவுக்கு அதற்கு நேரம் இருக்காது. எங்கள் பள்ளியில் பிரேயர் மணிக்கு முன்னால் வேப்பமரத்தடித் திண்டில் பிளஸ் ஒன் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆறாவது, ஏழாவது பிள்ளைகள் ரிப்பனைக் கையில் பிடித்தபடி வந்து அவர்கள் முன்னால் உட்காருவார்கள். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, நான் சேர்வதற்கு முன்பிருந்தே நடக்கிறது. சடை போட்டுவிடும் அக்காக்களுக்கு வீட்டு விஷயம் எல்லாம் தெரியும். "டீச்சர், அந்தப் பாப்பா ரெண்டு நாளா வர்றதில்லைங்க" என்று எனக்குச் சொல்வது அவர்கள்தான். வருகைப் பதிவு செல்பேசிச் செயலிக்குப் போய்விட்டது. வராத பிள்ளைக்கு அது ஒரு குறி போடும். ஏன் வரவில்லை என்பது அந்தத் திண்டில்தான் கிடைக்கும்.

தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி வாசிப்பு என்று நடக்கும் காலை வணக்கக் கூட்டத்தில், திங்கட்கிழமைச் செய்தி வாசிப்பை நல்ல குரல் உள்ள பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. நழுவப் பார்க்கும் பிள்ளைக்குக் கொடுக்கிறேன். வகுப்பு லீடர் பொறுப்பும் அப்படியே, முதல் ரேங்க் பிள்ளை அது இல்லாமலும் வருவாள். தான் போகாவிட்டால் பீரோ திறக்காது, சாக்பீஸ் வராது என்று தெரிந்த பிள்ளை, அம்மா 'இன்னிக்கு ஒரு நாள் வாடி' என்று கூப்பிட்டாலும் தயங்குவாள். அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டியது.

2024 பிளஸ் டூ தேர்வில் திருப்பூர் மாவட்டம் 97.45 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கு இனிப்பு கொடுத்தோம். அதற்குரிய உழைப்பு அந்தப் பிள்ளைகளுடையது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கணக்கில் வகுக்கும் எண், தேர்வு எழுத வந்தவர்களின் எண்ணிக்கை. ஒன்பதாவதில் நின்றுபோன பிள்ளை எந்தச் சதவீதத்திலும் வரமாட்டாள். கணக்கு டீச்சராக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

தொழில் ஆடினால் வகுப்பும் ஆடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றையும், அதன் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பாழான வயல்களையும் பார்த்தவர்கள் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் திரும்பிய குடும்பங்கள் டி.சி. வாங்க வந்து நின்றன. இன்றைக்கு அந்த பெஞ்சுகளில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தமிழ் கற்றுக்கொள்ளும் வேகம் என்னை ஒவ்வொரு வருடமும் வியக்க வைக்கிறது.

நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியில் சேர்ந்த பழைய மாணவியைக் காட்டி, "அவளுக்கு வருதுங்க, உங்க பிள்ளைக்கும் வரும், பன்னண்டு முடியட்டும்" என்று சொல்ல இப்போது எனக்கு ஒரு வாதம் இருக்கிறது. காசு பேசும் வீட்டில் காசைத்தான் பேச வேண்டும். படிப்பின் பெருமையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வரும் ஜூனில் ஒன்பதாம் வகுப்பை இளைய டீச்சர் ஒருவர் ஏற்கிறார். அவருக்காக நோட்டு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பிள்ளையின் அம்மா கம்பெனியில் செக்கிங் வேலை, யார் ஓவர்லாக் தையல், எந்த வீட்டில் ஒன்றரை ஷிப்ட், யாருக்கு அப்பா இல்லை, எந்த வீட்டில் பாட்டி சொல்வதுதான் நடக்கும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. வேலை நேரத்தில் அம்மாக்கள் ஃபோன் எடுக்க மாட்டார்கள், டீ நேரத்தில் கூப்பிட வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கம்பெனியிலும் டீ எத்தனை மணிக்கு என்பதும் பெயருக்கு எதிரே இருக்கிறது.