வாயு போன கோலா

மூடியைத் திறந்து வைத்து மறந்துபோன கோலாவை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். ஃபிராங்க் ஷார்ட்டர் வேண்டுமென்றே வாயுவைப் போக்கிய கோலாவைத்தான் வழியெல்லாம் குடித்து, 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வாங்கினார். இதைப் படித்ததிலிருந்து அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பிரியம். குலுங்கி ஓடுகிறவன் வயிற்றில் வாயு என்ன பாடு படுத்தும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார், பாருங்கள்!

அவர் பிறந்ததும் மியூனிக்கில்தான். அப்பா அமெரிக்க ராணுவ மருத்துவர். பிறந்த ஊரில் தங்கம், எப்பேர்ப்பட்ட வரவேற்பு கிடைத்திருக்க வேண்டும்! ஆனால் அவருக்குச் சற்று முன்னால் ஒரு குறும்புக்கார மாணவன் ஓட்டக்காரன் வேஷத்தில் மைதானத்துக்குள் புகுந்துவிட்டான். ஜனங்கள் அவனுக்குக் கை தட்டி, பிறகு விஷயம் புரிந்து ஏச ஆரம்பித்த நேரத்தில் நிஜமான வெற்றியாளர் உள்ளே வருகிறார். 42 கிலோமீட்டர் ஓடி வந்தவர் காதில் விழுந்தது அந்த ஏச்சு. எந்தக் காப்பியும் அந்தக் களைப்பைத் தீர்க்காது.

சரி, ஜெயிக்க வைத்தது கோலாவில் இருந்த கஃபீனா? 355 மில்லி கோலாவில் இருப்பது சுமார் 34 மில்லிகிராம். ஓட்டத்துக்கு உதவ வேண்டுமானால் உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் தேவை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. 60 கிலோ ஆசாமிக்குக் குறைந்தது 180. அதாவது ஐந்து டப்பாவுக்கு மேல். ஷார்ட்டருக்குச் சர்க்கரைதான் அதிகம் உதவியிருக்கும் என்பது என் கட்சி.

கஃபீனின் மானத்தைக் காப்பாற்றியது 1978இல் ஆய்வாளர் டேவிட் காஸ்டில் நடத்திய சோதனை. 330 மில்லிகிராம் கஃபீன் உள்ள காப்பி குடித்த சைக்கிள் வீரர்கள் சராசரி 90 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். கஃபீன் நீக்கிய காப்பி குடித்தபோது 75. கஃபீன் கொழுப்பை எரிக்க வைக்கிறது என்று அவர் காரணம் சொன்னார். இன்று மூளையைத்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள். களைப்பை உணர்த்தும் அடினோசின் வந்து உட்கார வேண்டிய இடத்தில், பஸ் ஜன்னல் வழியே துண்டு போடுகிறவனைப் போலக் கஃபீன் முந்திக்கொள்கிறது. களைப்பு இறங்கிப் போய்விடவில்லை. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வருகிறது. இதைப் பலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒருகாலத்தில் விளையாட்டு வீரர்களின் சிறுநீரில் கஃபீன் மில்லிக்கு 12 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். 2004இல் கஃபீனைத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன் அமெரிக்காவில் ஊக்கமருந்து தடுப்பு முகமை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? நம் ஷார்ட்டர்தான்.

மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கஃபீனைப் பயிற்சி நாட்களிலேயே பழகிப் பாருங்கள், போட்டியன்று காலையில் புதிதாக ஆரம்பிக்காதீர்கள். சிலருக்கு அது வயிற்றைக் கலக்கும். ஓடும் வழியில் நினைத்த இடத்திலெல்லாம் கழிப்பறை இருக்காது.