அசைவும் அமைதியும்

தியானம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பெரும்பாலோரின் மனக்கண்முன் தோன்றுவது அசையாத ஓர் உருவமே. கண்கள் மூடியிருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும், மூச்சு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அசைவு மனச் சலனத்தின் அடையாளம், அசைவின்மை ஞானத்தின் அடையாளம் என்றதோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆயின், அமைதியை நாடி நிற்கும் ஒருவரது உடல் அவர் ஏவாமலே அசையத் தொடங்குமாயின் என் செய்வது? அதனைத் தடுத்தல் வேண்டுமா? அன்றி, அதன் போக்கிலேயே விட்டுவிடலாமா? இக்கேள்வியை எனக்கு எழுப்பியவை நூல்களல்ல, என் தோள்களே.

பல்கலைக்கழகத்திற் சேர்ந்த முதலாண்டில், விடுதித் தோழி ஒருத்தி 'சீகோங்' எனப்படும் சீனப் பயிற்சியின் ஒரு பகுதியை எனக்குப் பழக்கினாள். தூண்போல் நிற்றலே அப்பகுதி. கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, முழங்கால்களைச் சற்றுத் தளர்த்தி, பெரிய பானையொன்றை அணைத்ததுபோலக் கைகளை நெஞ்சின் முன் வட்டமாக ஏந்தி நிற்கவேண்டும்; அவ்வளவே. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்பதே பெரும்பாடாயிருந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் என் தோள்கள் தாமாகவே இடமும் வலமும் மெல்ல ஆடத் தொடங்கின. அச்சமும் இன்பமும் ஒருங்கே தோன்றின. இவ்வசைவை வளர்ப்பதா அடக்குவதா என்று தெரியாமல் நின்றபோதுதான் இதுபற்றிப் படிக்கலானேன்.

சீன மரபில் இவ்விரு வழிகளும் உண்டு. 1973ஆம் ஆண்டு ஹுனான் மாகாணத்து மாவாங்துய் என்னுமிடத்தில் அகழப்பட்ட கல்லறையொன்றில், பட்டுத் துணியில் தீட்டிய ஓர் ஓவியம் கிடைத்தது. கி.மு. 168இல் மூடப்பட்ட அக்கல்லறையின் ஓவியத்தில் 44 மனித உருவங்கள் வளைந்தும் நீட்டியும் நின்றும் உடற்பயிற்சி செய்கின்றன. ஹுவா துவோ என்ற பழம்பெரும் மருத்துவர் ஐந்து விலங்குகளின் அசைவுகளைக்கொண்டு ஒரு பயிற்சியை வகுத்தார் என்பது அந்நாட்டு மரபு. மறுபுறத்தில், 1963இல் மறைந்த வாங் சியாங்ஜாய் என்ற ஆசான் அசையாது நிற்பதையே தமது போர்க்கலையின் அடித்தளமாகக் கொண்டார். இத்தகைய பல பயிற்சிகளையும் 1950களில் சீன மருத்துவர்கள் ஒரே பெயரின்கீழ்த் திரட்டியபோதே 'சீகோங்' என்னும் சொல் பொதுவழக்காயிற்று.

1980களில் அந்நாட்டில் இப்பயிற்சி பெருவெள்ளமாய்ப் பரவியது. தன்னியல்பான அசைவையே நோக்கமாகக் கொண்ட முறைகளும் அப்பொழுது பெயர்பெற்றன. பூங்காக்களிற் கூடியோர் ஆடினர், சிரித்தனர், அழுதனர். பலருக்கு அது மனப்பாரத்தை இறக்கிவைத்த ஆறுதலாயிருந்தது. சிலருக்கோ தொடங்கிய அசைவை நிறுத்தமுடியாமற் போயிற்று. மனம் பேதலித்தவர்களும் உளர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பு, சீகோங்கினால் நேரும் மனப்பிறழ்வையும் பண்பாடு சார்ந்த நோய்களின் வரிசையிற் குறிப்பிட்டது. ஆகவே, தானாக வருவதெல்லாம் நன்மையே எனக் கொள்வது பேதைமையாகும்.

அப்படியாயின், இவ்வசைவு எங்கிருந்து வருகிறது? இதற்கு விந்தையான விடை தேவையில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் தாங்கிநிற்கும் தசை களைத்து நடுங்குதல் இயல்பு. அசையாது நிற்கிறோம் என்று நாம் எண்ணும்போதும் உடல் முன்னும் பின்னும் நுண்ணியதாக ஆடிக்கொண்டும் தன்னைத் திருத்திக்கொண்டுமே நிற்கிறது. எதிர்பார்ப்பும் எண்ணமும் மட்டுமே, நாம் ஏவாமல், தசைகளை இயக்கவல்லன என்பதை வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கில உடலியல் அறிஞர் 1852இலேயே எடுத்துரைத்தார். இவற்றை அறிந்தபின் என் அச்சம் நீங்கியது. எனினும், தடுப்பதா விடுவதா என்ற கேள்வி நீங்கவில்லை. அதற்கு விடைதேடச் சீனம்வரை செல்லவேண்டியதில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

எங்கள் வீடு அக்கரைப்பற்றில். எங்கள் வயல் சாகாமத்தில். இக்கடற்கரையோரத்து முஸ்லிம் ஊர்களிற் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின்படி, தொழுகையிற் குனிதலும் நிமிர்தலும் சிரம்பணிதலும் மட்டும் கடமையல்ல. அவ்வொவ்வொரு நிலையிலும் உறுப்புகள் தத்தம் இடத்தில் அடங்கி நிற்கும் சிறுபொழுதும் கடமையே. 'துமஃனீனத்' என்பது அதன் பெயர். ஒருமுறை 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லும் நேரமே அதன் குறைந்த அளவு. அவ்வமைதி இல்லையேல் தொழுகை நிறைவுறாது. அதுபோலவே, தொழுகைக்குப் புறம்பான பெரிய அசைவுகள் மூன்று தொடர்ந்து நிகழ்ந்தாலும் தொழுகை முறியும். சிறுவயதுமுதல் இவற்றை விதிகளாக மட்டுமே மனனஞ் செய்திருந்தேன். அசைவுக்குள்ளே அமைதிக்கு ஓரிடம் வகுக்கப்பட்டிருக்கிறது என்பது, தூண்போல் நின்று பழகிய பின்னரே எனக்கு விளங்கியது.

தொழுகை அடக்கத்தின் வழியென்றால், றாத்திபு பெருக்கத்தின் வழி. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் நிகழும் கொடியேற்றக் காலத்தில், றிபாயி தரீக்காவைச் சேர்ந்த பாவாமார் நடத்தும் றாத்திபைச் சிறுவயதிற் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். றபான் ஒலி மெல்லத் தொடங்கும், வரவர விரையும், உடல்கள் ஆடும். இதன் ஆகுமை குறித்து மார்க்க அறிஞரிடையே கடுமையான கருத்து வேற்றுமை உண்டு. அவ்வழக்கிற் புகுவது என் நோக்கமன்று. நான் கண்டது ஒன்றே: எத்துணை வேகம் ஏறினும் கலீபாவின் கண் ஒவ்வொருவர்மீதும் இருந்தது, தொடங்கிவைத்தவரும் அவரே, முடித்துவைத்தவரும் அவரே.

அயலூரான தம்பிலுவிற் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின்போதும் இதையொத்ததொன்றைக் காணலாம். உடுக்கொலிக்கிடையே தெய்வமுற்று ஆடுவோர் கட்டுச் சொல்வர். பூசாரியார் அருகில் நின்று அவர்களைக் காப்பார். முடிவில் வருவது குளிர்த்தி. வெம்மையைத் தணித்துக் குளிரச் செய்வதே அச்சடங்கின் பெயராயமைந்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது. எங்கள் பகுதியிற் பயிலப்படும் சீனடி, சிலம்படி ஆகியவற்றிலும் அண்ணாவியார் முதலிற் கற்பிப்பது அடிப்பதையன்று, காலூன்றி நிற்பதையே. பெயரை மட்டுங்கொண்டு சீனடிக்குச் சீனத் தொடர்பு கற்பித்தல் தகாது. ஆயினும், நிலைகொள்ளாதவன் வீச்சில் வலுவிராது என்னும் பாடம் ஈரிடத்தும் ஒன்றாகவே இருக்கிறது.

இவை அனைத்திலும் அசைவுக்கு ஒரு வாயிலும் ஒரு முடிவும் உண்டு. தனியே விடுதி அறையில் நிற்கும் எனக்குக் கலீபாவும் இல்லை, பூசாரியாரும் இல்லை. அக்காவலை நானே செய்துகொள்ளவேண்டும்.

இதுவரை கூறியவை அறிவுக்கு எட்டியவை. இக்கேள்வியின் கனத்தை எனக்கு உணர்த்தியவர் என் உம்மா.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று உம்மா சாய்ந்தமருதில் தம் தங்கையின் வீட்டில் இருந்தார். ஒரு வயதுக் குழந்தையான என்னை இடுப்பிற் சுமந்தபடி அவர் தப்பினார், சாச்சி தப்பவில்லை. பின்னர் உளநல உதவிக்கென வந்தோர் சிலர், கண்களை மூடி அசையாது அமர்ந்து மூச்சைக் கவனிக்குமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். உம்மா ஒரு நாளுக்குமேல் அங்குச் செல்லவில்லை. அதற்குரிய காரணத்தை, நான் பழகும் பயிற்சியை அவருக்குக் காட்டிய அன்றுதான் சொன்னார்: "கண்ண மூடினா தண்ணி வருது மகள்."

அமைதி எல்லார்க்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை அவ்வொரு வாக்கியம் எனக்குக் கற்பித்தது. உம்மா அமைதி காண்பது பன்பாய் இழைக்கும்போதுதான். விரல்கள் ஓயாமல் ஓடும், முகமோ குளிர்ந்திருக்கும். அசைவே அவருக்குத் தரை. அதை நிறுத்தி அமரச் சொல்வது, நீந்துகின்றவரைக் கையசைக்காதே என்பதுபோலாகும். அதற்கு மாறாக, அசைவே விடுதலை என்று நடுங்கும் உடலை நடுங்கவே விட்டுவிடுவதும் தீர்வாகாது. அந்நடுக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எவர் அறிவார்?

விடுமுறை நாள்களில் வாப்பாவுடன் சாகாமத்து வயலுக்குச் செல்வேன். பெரும்போகத்தில் மாரி மழை பெருகிக் குளம் நிறையும். மிகுந்த நீர் வான் வழியே பாயும். வேண்டிய நீர் துருசு வழியே வாய்க்காலுக்கு வரும். நீரைத் தேக்குவதும் விடுவதும் குளத்தின் இரு தொழில்கள். ஒன்றில்லையேல் மற்றொன்று கேடாகும். திறக்கவியலாத துருசினால் வயல் காயும். மூடவியலாத துருசினாற் குளம் வற்றும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை வட்டவிதானையார் ஊராரோடு கலந்தே முடிவு செய்வார். அசைவையும் அமைதியையும் பகைகளாக எண்ணிய என் தடுமாற்றம் அந்த வரம்பிலேயே தெளிந்தது. உடல் ஆடுகிறதா நிற்கிறதா என்பதைவிட, வேண்டியபோது திறக்கவும் மூடவும் கூடுகிறதா என்பதே முதன்மையான வினா.

அதன்பின் எனக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டேன். இருபது நிமிடம் நிற்பேன். அசைவு வந்தால் தேடிப்போய் வளர்ப்பதில்லை; பல்லைக் கடித்து அடக்குவதுமில்லை. இடையிடையே மூன்றைச் சோதிப்பேன். பெயர்சொல்லி அழைத்தால் மறுமொழி கூற இயலுமா? நினைத்த கணத்தில் நிறுத்த இயலுமா? நிறுத்தியபின் மூச்சு முன்னிலும் தணிந்திருக்கிறதா? இவற்றுள் ஒன்றிற்கேனும் இல்லை என்பது விடையானால், கைகளை வயிற்றின்மீது வைத்து, கண்களைத் திறந்து, அன்றைய பயிற்சியை முடித்துவிடுவேன். தனியே பயிலும் எவருக்கும், குறிப்பாக மனக்காயம் உடையோருக்கு, இவ்வளவு காவலேனும் வேண்டும் என்பது என் துணிபு. உறக்கம் கெட்டு மனம் குழம்புமாயின் பயிற்சியைக் கைவிட்டு மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இப்பொழுது நான் ஊரிலிருக்கும் நாள்களில், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் உம்மாவும் என்னருகில் வந்து நிற்கிறார். ஐந்து நிமிடத்துக்கு மேல் அவர் நிற்பதில்லை. கைகள் முதலில் நடுங்கும். பின்பு பாய் இழைப்பதுபோல் விரல்கள் மெல்ல அசையும். அதன்பின் சிலபொழுது அவையும் அடங்கும். "போதும்" என்று அவரே சொல்லி முடிப்பார். கண்கள் முழுநேரமும் திறந்தே இருக்கும். அவற்றை மூடும்படி நான் கேட்பதில்லை.