வலிக்காத கட்டி

அக்கா தன் இடது மார்பில் கட்டி இருப்பதை எதிர்வீட்டுக் கிழவியிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. செய்தி என்னை வந்தடைய எட்டு மாதம் ஆயிற்று. அப்போதும் 'நெஞ்சுல என்னமோ' என்றுதான் வந்தது. இருதயம் என்று நினைத்து ராயபுரத்திலேயே ஈ.ஸி.ஜி. எடுத்தோம். நன்றாக இருந்தது. சந்தோஷமாகத் திரும்பினேன்.

இடையில் ஒரு நாள் பாங்குக்கு வந்து, டெபாசிட்டுக்கு நாமினியாக மகள் பெயரைப் போடச் சொன்னாள். படிவத்தில் நானே முத்திரை குத்தினேன். காரணம் கேட்கவில்லை.

அதே எட்டு மாதத்தில் கவிதையில் உடல் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். முலை, கொங்கை எல்லாம் அவற்றில் கூச்சமின்றி வருகின்றன. கண்ணகி திருகி எறிந்தது இடது முலை என்பதற்கு அடிக்குறிப்பு வேறு. வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. இல்லை, இருக்கிறது: மாரு. பெண்கள் தமக்குள் சொல்வது. ஆண்கள் காதுக்கு வரும்போது நெஞ்சு ஆகிவிடும்.

'வலிக்கலையேடா' என்றாள் பிறகு. கிழவி விளக்கெண்ணெய் தடவச் சொன்னாளாம். இந்த நோயின் சூதே அதுதான். ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. தோல் குழிவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கசிவது எதுவும் அவளுக்கு இல்லை. மார்போடு நிற்கையில் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அக்காவுக்கு அக்குள் வரை போயிருந்தது.

ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், மார்பை அறுத்தார்கள். பல மாதம் கழித்துத் தன் சகோதரிக்கு அதை முழுக்கக் கடிதமாக எழுதினார். 1840 வரை இருந்தார். பி.ஏ.யில் எங்களுக்கு அவர் பாடமில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் ஆரம்பித்த அடையாறு ஆஸ்பத்திரிக்குத்தான் நாங்கள் போனோம். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு, பஸ்ஸில், ஒரு வார்த்தை பேசாமல்.

மும்பைச் சேரிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருஷம் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கொருமுறை கையால் தடவிப் பார்த்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களில் இந்நோயால் சாவு ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்தது. மெஷின் இல்லை, விரல்கள்தான். அதற்கும் முதலில் யாராவது வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும்.

தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை என்பதும் உண்மை. அக்கா மகளுக்கு முப்பது வயது. எண்ணூரில் வேலை. போன ஞாயிறு வந்திருந்தாள். சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

'உங்கம்மாவுக்கு வந்ததாலே நீயும் ஒரு தடவை...'

'என்ன மாமா?'

அக்கா மாத்திரைத் தாளைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்: 'மாருல. கட்டி கிட்டி இருக்கான்னு. நாளைக்கு லீவு போட்டுட்டுப் போய்க் காட்டு.'

நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.